பொன்னொடு வந்து கறியொடு போன வழி: பினாங்கு மாணவர்களுக்கு இத்தாலியத் தொல்லியல் பயணம் திட்டமிடும் முறை

மத்தியதரைக் கடலைச் சுற்றியுள்ள பழைய நகரங்களுக்கு மாணவர்களை அழைத்துச் செல்ல விரும்பும் ஆசிரியர்கள் பெரும்பாலும் வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு தொடங்குகிறார்கள். ஏதென்ஸ், எபேசஸ், ரோம், பொம்பெயி என்று பெயர்களை வரிசைப்படுத்தி, பள்ளி விடுமுறைக்குள் எத்தனை ஊர்களை அடக்கலாம் என்று கணக்குப் போடுகிறார்கள். நான் பொறுப்பேற்ற முதல் பயணத்தையும் அப்படித்தான் வகுத்தேன். ஒன்பது நாளில் மூன்று நாடுகள். திரும்பி வந்ததும் மாணவர்களைக் கட்டுரை எழுதச் சொன்னபோது பாதிப் பேர் விமான நிலையங்களைப் பற்றியும் பேருந்துப் பயணத்தைப் பற்றியுமே எழுதியிருந்தார்கள். பிள்ளைகளின் பெற்றோர் மாதக்கணக்கில் சேர்த்த பணம் அது என்பதால் அந்தக் கட்டுரைகளைத் திருத்தும்போது மனம் மிகவும் வருந்தியது. அதன் பிறகு நான் கடைப்பிடிக்கும் முறையையே இங்கே எழுதுகிறேன்: ஒரே நாடு, இரண்டு தங்குமிடங்கள், பயணம் முழுவதற்கும் ஒரே கேள்வி.

எங்கள் கேள்வி மிளகைப் பற்றியது. முசிறித் துறைமுகத்திற்கு வந்த யவனர் மரக்கலங்கள் 'பொன்னொடு வந்து கறியொடு பெயரும்' என்று அகநானூற்றின் 149-ஆம் பாட்டு சொல்கிறது. கறி என்பது மிளகு. அந்தப் பொன் புறப்பட்ட இடம் எது, அந்த மிளகு போய்ச் சேர்ந்த இடம் எது என்பதை நேரில் சென்று பார்ப்பதுதான் பயணத்தின் நோக்கம். படிவம் 1 வரலாற்றுப் பாடத்தில் ரோமானிய நாகரிகத்தைப் பரீட்சைக்காகப் படித்த ஒரு மாணவருக்கு அது தொலைவில் உள்ள யாரோ சிலருடைய கதை. அம்மா ரசத்திற்குத் தட்டிப் போடும் மிளகுக்காக அந்தப் பேரரசு பொன்னைக் கொட்டியது என்று தெரிந்த மாணவருக்கு, ரோமில் காணும் ஒவ்வொரு கிடங்கும் ஒவ்வொரு கடைத்தெருவும் பேசத் தொடங்கிவிடும். வேறு கேள்வியையும் நீங்கள் தேர்ந்தெடுக்கலாம். நீர் வழங்கல், எழுத்து, வீடு கட்டும் முறை என எதுவும் பொருந்தும். ஆனால் ஒன்றுதான் இருக்க வேண்டும், அது மாணவரின் அன்றாட வாழ்க்கையைத் தொட வேண்டும்.

கிரேக்கத்தையும் துருக்கியையும் விட்டுவிட்டு இத்தாலியை நான் பரிந்துரைப்பதற்குக் காரணங்கள் உண்டு. இத்தாலிய அரசின் தொல்லியல் பூங்காக்களிலும் அரும்பொருளகங்களிலும் 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு, எந்த நாட்டவராயினும், நுழைவுக் கட்டணம் இல்லை. இருபது மாணவர்கள் கொண்ட குழுவுக்கு இது பெரிய சேமிப்பு. மேலும் நேப்பிள்ஸ் நகரைச் சுற்றி ஒரு மணி நேர ரயில் பயணத்திற்குள் எரிமலை வெடிப்பில் புதைந்த பொம்பெயி, ஹெர்குலேனியம், அவற்றோடு பொசுவோலி ஆகிய மூன்றும் இருக்கின்றன. கீழை நாடுகளின் சரக்கு ரோமுக்குள் நுழைந்த துறைமுகமே பொசுவோலி. அன்று அதன் பெயர் புத்தேயோலி.

முதல் பயணம் மெர்போக்குக்கு

விமானச்சீட்டு வாங்குவதற்கு முன் மாணவர்களைக் கெடாவில் பழைய வணிகக் குடியிருப்பின் எச்சங்கள் உள்ள பூஜாங் பள்ளத்தாக்குக்கு அழைத்துச் செல்லுங்கள். பினாங்கிலிருந்து காலையில் புறப்பட்டு, சுங்கைப் பட்டாணி வழியாக மெர்போக் சென்று, மாலைக்குள் திரும்பிவிடலாம். இந்தப் பயணத்தில் இத்தாலிக்கு வராத மாணவர்களும் கலந்துகொள்ள வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. வெளிநாட்டுப் பயணத்திற்குப் பணம் இல்லாத காரணத்தால் ஒரு பிள்ளை தன் ஊர்ப் பக்கத்து வரலாற்றையும் இழந்துவிடக் கூடாது.

அங்கே அவர்கள் பழக வேண்டியது தொல்லியல் இடத்தைப் பார்க்கும் முறை. புக்கிட் பத்து பகாட் கோயிலின் அடித்தளத்தின் முன் நிற்க வைத்து, முதல் பத்து நிமிடம் எந்த விளக்கமும் தராமல் வரையச் சொல்லுங்கள். பிறகு கேளுங்கள்: எந்தக் கல், எத்தனை படி, வாசல் எந்தத் திசை, தூண்கள் நின்ற குழிகள் எங்கே, கூரை ஏன் இல்லை? அந்தக் கோயில் அது இருந்த இடத்திலேயே 1960-இல் மீட்டமைக்கப்பட்டது. அரும்பொருளக வளாகத்தில் உள்ள வேறு சில கோயில் அடித்தளங்கள் வேறு இடங்களிலிருந்து பெயர்த்துக் கொண்டுவரப்பட்டவை. இடம் மாறிய கட்டடம் எதையெல்லாம் இழக்கிறது என்ற கேள்வியை இங்கேயே எழுப்பிவிட்டால், பின்னர் நேப்பிள்ஸ் அரும்பொருளகத்தில் அது மீண்டும் எழும். சுங்கை பத்துவில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் 2009 முதல் அகழ்ந்த இடத்தில் இரும்பு உருக்கிய உலைகளின் எச்சங்களும், காற்று ஊதப் பயன்பட்ட சுடுமண் குழாய்களும் கிடைத்தன. வணிகத்திற்குப் பின்னால் உழைப்பு இருக்கிறது என்பதை அந்தக் குழாய்கள் பாடநூலைவிட நன்றாகச் சொல்லும்.

ஓராண்டுக்கு முன் செய்ய வேண்டிய காகித வேலைகள்

அரசுப் பள்ளியாக இருந்தால் வெளிநாட்டுப் பயணத்திற்குக் கல்வி இலாகாவின் எழுத்துமூல அனுமதி கையில் கிடைக்கும் வரை யாருக்கும் முன்பணம் கட்டாதீர்கள். விண்ணப்பத்தில் பயணத்தின் கல்வி நோக்கம், நாள்வாரியான திட்டம், உடன் வரும் ஆசிரியர்கள், காப்புறுதி, பெற்றோர் ஒப்புதல் ஆகியவை தெளிவாக இருந்தால் கேள்விகள் திரும்பி வருவது குறையும். பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் முதலிலேயே திட்டத்தை வைத்து, கணக்கைக் கவனிக்கச் சங்கத்திலிருந்து இருவரைக் கேட்டுப் பெறுங்கள். ஆசிரியர் ஒருவர் மட்டும் பணத்தைக் கையாளுவது நல்லதல்ல. நேர்மையான ஆசிரியருக்கும் அது பாரம்.

மலேசியக் கடப்பிதழ் உள்ளவர்கள் இத்தாலியில் 180 நாள் காலத்திற்குள் 90 நாள் வரை விசா இல்லாமல் தங்கலாம். கடப்பிதழ் பயண நாளிலிருந்து குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாக இருக்கட்டும். 2025 அக்டோபர் 12-இல் தொடங்கிய ஐரோப்பிய எல்லைப் பதிவு முறையில் முகப்படமும் கைரேகையும் எடுக்கிறார்கள்; 12 வயதுக்குக் குறைந்தவர்களுக்குக் கைரேகை இல்லை. இருபது பேர் கொண்ட குழு இதைக் கடக்க நேரம் பிடிக்கும் என்பதால், இறங்கிய உடனே இணைப்பு ரயிலோ அடுத்த விமானமோ வைத்துக்கொள்ளாதீர்கள். விசா இல்லாத பயணிகள் இணையத்தில் முன் அனுமதி பெறும் முறையையும் ஐரோப்பிய ஒன்றியம் கொண்டுவருகிறது. பயண ஆண்டில் அது நடைமுறையில் உள்ளதா என்பதை அதிகாரப்பூர்வத் தளத்தில் பார்த்து உறுதி செய்யுங்கள்.

இங்கே ஒரு நுட்பமான விஷயம் உண்டு. குடியுரிமை ஆவணங்கள் முழுமையாக இல்லாத பிள்ளைகள் நம் சமூகத்தில் இன்னும் இருக்கிறார்கள். வகுப்பில் எல்லார் முன்னிலையிலும் "கடப்பிதழ் இல்லாதவர்கள் கையைத் தூக்குங்கள்" என்று ஒருபோதும் கேட்காதீர்கள். பெயர்ப்பட்டியல் அறிவிப்பதற்கு முன் ஒவ்வொரு பெற்றோரையும் தனியே அழைத்துப் பேசினால், சரிசெய்யக்கூடியதைச் சரிசெய்யக் காலம் கிடைக்கும். முடியாதபோது அந்தப் பிள்ளை அவமானப்படாமல் காக்கப்படுவார்.

பெற்றோர் ஒப்புதல் கடிதத்தை ஆங்கிலத்திலும் எழுதி, சத்தியப்பிரமாண ஆணையரின் முன்னிலையில் கையொப்பமிடச் செய்யுங்கள். முகவர் மூலம் சென்றால், வெளிநாட்டுப் பயணங்களை நடத்துவதற்கான சுற்றுலா அமைச்சின் உரிமம் அவரிடம் இருக்கிறதா என்று பாருங்கள். உள்நாட்டுச் சுற்றுலாவுக்கான உரிமம் மட்டும் போதாது. காப்புறுதியில் மருத்துவமனைச் செலவு, பயண ரத்து, ஒரு மாணவர் மருத்துவமனையில் இருக்க நேர்ந்தால் பெற்றோர் ஒருவர் பறந்து வருவதற்கான செலவு ஆகிய மூன்றும் அடங்க வேண்டும். எட்டு மாணவர்களுக்கு ஓர் ஆசிரியர் என்பது என் கணக்கு. அதற்கு மேல் ஒருவர் கூடுதலாக இருக்கட்டும், ஏனெனில் ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் ஓர் ஆசிரியர் விடுதியிலேயே தங்க வேண்டியிருக்கும்.

செலவை யூரோவில் கணக்கிட்டு, அதன் மேல் பத்தில் ஒரு பங்கு சேர்த்து ரிங்கிட்டுக்கு மாற்றுங்கள். நாணய மதிப்பு ஏறினால் அந்தக் கூடுதல் தாங்கும். ஏறாவிட்டால் திருப்பிக் கொடுக்கலாம். மாதத் தவணையாக வாங்குவது குடும்பங்களுக்கு எளிது.

எப்போது போவது

பினாங்கிலிருந்து இத்தாலிக்கு நேரடி விமானம் இல்லை. கோலாலம்பூர் வழியாகவோ வேறொரு நகரில் மாறியோ செல்ல வேண்டும். ஆண்டு நடு விடுமுறையில் போனால் பகல் நீளமாக இருக்கும், ஆனால் வெயிலும் கூட்டமும் கடுமை. பொம்பெயியில் நிழல் குறைவு. ஆண்டிறுதி விடுமுறையில் கூட்டம் குறைவு. நம் பிள்ளைகள் அறியாத குளிர் உண்டு, மாலை ஐந்து மணிக்கு முன்பே இருட்டிவிடும், டிசம்பர் 25-உம் ஜனவரி 1-உம் பொம்பெயி மூடியிருக்கும். நான் டிசம்பரின் முதல் பாதியையே தேர்ந்தெடுப்பேன். குளிருக்குச் சட்டை மேல் சட்டை போட்டுக்கொள்ளலாம். கூட்டத்தை விலக்க வழியில்லை.

கிழமைகளையும் பார்த்துத்தான் நாள்களை அமைக்க வேண்டும். நேப்பிள்ஸ் தேசியத் தொல்லியல் அரும்பொருளகத்திற்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை. ரோமுக்கு அருகிலுள்ள பழைய துறைமுக நகரான ஓஸ்தியாவுக்குத் திங்கட்கிழமை விடுமுறை. மாதத்தின் முதல் ஞாயிறு அரசு இடங்கள் எல்லாம் அனைவருக்கும் இலவசம் என்பதால் அன்று மாணவர் குழுவுடன் போகவே கூடாது. ஞாயிறு நேப்பிள்ஸில் இறங்கி ஓய்வு, திங்கள் ஹெர்குலேனியம், செவ்வாய் பொம்பெயி, புதன் அரும்பொருளகம், வியாழன் காலை பொசுவோலி, மாலை ரோமுக்கு விரைவு ரயில், வெள்ளி ரோமின் மன்றவெளி (ஃபோரம்), சனி ஓஸ்தியா, ஞாயிறு விமானம். இந்த வரிசை எங்களுக்கு நன்றாகப் பொருந்தியது. ஹெர்குலேனியம் சிறியது, இரண்டரை மணி நேரத்தில் நிதானமாகப் பார்க்கலாம்; நெடுந்தூரம் பறந்த களைப்பில் இருப்பவர்களுக்கு அதுவே ஏற்றது. அங்கே கரியாகிப்போன மரக் கதவுகளும் கட்டில்களும் இன்னும் நிற்கின்றன.

பொம்பெயியில் ஒரு நாள்

2024 நவம்பர் முதல் பொம்பெயிக்கு ஒரு நாளில் 20,000 பேருக்கு மேல் அனுமதி இல்லை. நுழைவுச்சீட்டில் பெயரும் இருக்க வேண்டும். கட்டணம் இல்லாத மாணவர்களுக்கும் சீட்டு தேவை என்பதால் கடப்பிதழில் உள்ளபடியே பெயர்களை முன்கூட்டியே பதிவு செய்யுங்கள். நம் பெயர்களில் தந்தை பெயரும் 'மகள்', 'மகன்' என்பதும் சேர்ந்து வருவதால் பதிவில் எழுத்து விடுபடுவது வழக்கம். ஒவ்வொன்றையும் இரண்டு முறை சரிபாருங்கள். 30 சென்டிமீட்டருக்கு மேற்பட்ட பைகளை உள்ளே விடமாட்டார்கள். தெருக்கள் எரிமலைக் கல் பாவியவை, மேடும் பள்ளமுமாக இருக்கும். பள்ளிக்குப் போட்டுப் பழகிய சப்பாத்தே நல்லது, பயணத்திற்கென்று புதிதாக வாங்கியது காலைக் கடிக்கும்.

நகரம் 66 ஹெக்டேர். மூன்றில் ஒரு பங்கு இன்னும் அகழப்படவில்லை. முழுவதையும் பார்க்க நினைக்காமல் ஆறு இடங்களை மட்டும் தேர்ந்தெடுங்கள். எங்கள் ஆறில் தவறாமல் இடம்பெறுவது மொடெஸ்தஸின் ரொட்டிக்கூடம். கி.பி. 79-இல் வெசூவியஸ் எரிமலை வெடித்தபோது அடுப்பில் வைத்த 81 ரொட்டிகள் கரியாகி அப்படியே கிடைத்தன. மாவு அரைத்த எரிமலைக் கல் திரிகைகளைப் பார்த்ததும் பிள்ளைகள் தாங்களாகவே ஆட்டுக்கல்லோடு ஒப்பிடத் தொடங்குவார்கள். அடுத்தது தெருவோர உணவுக்கடை ஒன்று. மேடையில் பதித்த பெரிய மண்சாடிகளைப் பார்த்து, ஜார்ஜ்டவுன் தெருமுனையில் இருக்கும் சாப்பாட்டுக் கடையை நினைக்காதவர் யாரும் இல்லை. வண்டிச் சக்கரம் கல்லில் பதித்த தடங்களின் ஆழத்தையும் அகலத்தையும் அளக்கச் சொல்லுங்கள். அதற்கு அளவுநாடா ஒன்று போதும்.

இறந்தவர்களின் உருவங்களைப் பற்றி முன்பே பேசியாக வேண்டும். சாம்பல் அடுக்கில் உடல்கள் மக்கி உண்டான வெற்றிடத்தில் சுண்ணச்சாந்தை ஊற்றி உருவம் எடுக்கும் முறையைத் தொல்லியலாளர் ஜுசெப்பே ஃபியோரெல்லி 1863-இல் கையாண்டார். அவை சிலைகள் அல்ல. உள்ளே எலும்புகள் உண்டு. அண்மையில் வீட்டில் யாரையாவது இழந்த மாணவர் குழுவில் இருந்தால் அவரிடம் முன்னதாகத் தனியே கேட்டு, விரும்பாவிட்டால் ஓர் ஆசிரியருடன் வேறு பக்கம் அனுப்புங்கள். உருவங்களோடு நின்று படம் எடுத்துக்கொள்வதை நாங்கள் அனுமதிப்பதில்லை. அதுபோலவே, விலைமாதர் இல்லமும் பாலியல் சார்ந்த ஓவியங்களும் நகரில் இருக்கின்றன. வழிகாட்டிகள் பலர் வழக்கமாக அங்கே அழைத்துப் போவார்கள் என்பதால், நீங்கள் செல்லும் பாதையை எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

மூத்த மாணவர்களுக்கு ஒரு நல்ல விவாதப் பொருள் உண்டு. எரிமலை வெடித்தது ஆகஸ்ட் 24 என்று நீண்ட காலம் எழுதி வந்தார்கள். 2018-இல் ஒரு வீட்டுச் சுவரில் கரித்துண்டால் எழுதிய, அக்டோபர் 17-க்கு இணையான நாள் குறித்த ஒரு வரி கிடைத்தது. அதைக் கொண்டு நாளை மாற்றலாமா, அது முந்திய ஆண்டில் எழுதியதாக இருக்க முடியாதா? சான்று என்றால் என்ன என்பதை இதைவிடத் தெளிவாகக் கற்பிக்க எனக்கு வேறு வழி தெரியாது.

நேப்பிள்ஸ் அரும்பொருளகமும் ஒரு தந்தச் சிலையும்

பலர் அரும்பொருளகத்தை முதலில் காட்டுகிறார்கள். பொம்பெயிக்குப் பிறகு காட்டுவதே நல்லது. வெறுமையான சுவர்களையும் தரைகளையும் பார்த்துவிட்டு, "இங்கே இருந்ததெல்லாம் எங்கே போயிற்று?" என்று பிள்ளைகள் கேட்டிருப்பார்கள். பொம்பெயியில் ஒரு மாளிகைத் தரையில் பார்த்த அலெக்சாண்டர் போர்க்காட்சி ஒரு படி மட்டுமே. மூலம் நேப்பிள்ஸில் இருக்கிறது. மெர்போக்கில் எழுந்த கேள்வி இங்கே திரும்பி வரும்.

ஆனால் நம் குழு தேட வேண்டிய பொருள் சிறியது: 1938-இல் பொம்பெயியின் ஒரு வீட்டில் கிடைத்த, சுமார் 24 சென்டிமீட்டர் உயரமுள்ள இந்தியத் தந்தச் சிலை. பொம்பெயி லட்சுமி என்று பெயர் பெற்றாலும், அது லட்சுமியா யட்சியா என்பதில் அறிஞர்களிடையே ஒத்த கருத்து இல்லை. எரிமலை அந்த நகரத்தை மூடுவதற்கு முன்பே இந்தியக் கைவினைஞர் செதுக்கிய ஒன்று அங்கே ஒரு வீட்டில் இருந்தது என்பதை எண்ணிப் பார்க்கும்போது எனக்கு இன்றும் மெய்சிலிர்க்கிறது. அது வைக்கப்பட்டிருப்பது பாலியல் சார்ந்த பொருள்களைத் தனியே வைத்திருக்கும் அறையில். ஆகவே, சிலை அப்போது காட்சியில் இருக்கிறதா, உங்கள் மாணவர்களின் வயதுக்கு என்ன விதி என்பதை அரும்பொருளகத்திற்கு எழுதிக் கேளுங்கள்; பெற்றோரிடமும் விளக்கி ஒப்புதல் பெறுங்கள். ஒப்புதல் தராதவர்களின் பிள்ளைகளுக்கு நல்ல படமொன்றை அச்சிட்டு எடுத்துச் செல்லலாம்.

பொசுவோலியில் பழைய சந்தைக் கட்டடத்தின் தூண்களைப் பாருங்கள். நிலம் தாழ்ந்து கடல்நீர் ஏறியபோது கடற்சிப்பிகள் அவற்றைத் துளைத்திருக்கின்றன. நிலம் மீண்டும் உயர்ந்ததால் அந்தத் துளைகள் இன்று கண்ணுக்குத் தெரிகின்றன. அந்த நிலம் இன்றும் அசைகிறது, அண்மை ஆண்டுகளில் நிலநடுக்கங்களும் அங்கே அடிக்கடி வந்திருக்கின்றன. எனவே உள்ளூர் எச்சரிக்கைகளை அன்று காலை பார்த்த பிறகே புறப்படுங்கள். சந்தேகம் இருந்தால் விட்டுவிடுங்கள்.

ரோமில் மிளகுக் கிடங்கு

வட்டரங்கை (கொலோசியம்) பற்றி அதிகம் எழுதத் தேவையில்லை. வெளியே நின்று பார்த்தாலே போதும். நேரத்தை மன்றவெளிக்குக் கொடுங்கள். அங்கே மக்சென்டியஸ் பேரவைக் கூடத்தின் மூன்று பெரிய வளைவுகள் எழுந்து நிற்கும் இடத்தில்தான் பேரரசர் டொமிசியன் கட்டிய மிளகுக் கிடங்குகள் இருந்தன. அந்த வளைவுகளுக்கு எதிரே மாணவர்களை உட்கார வைத்து, வகுப்பில் சேர்த்துவைத்த சான்றுகளைச் சொல்லச் சொல்லுங்கள். முசிறியோடு நடந்த வணிகத்திற்கான கடன் ஒப்பந்தம் எழுதிய பாப்பிரஸ் என்னும் நாணல் தாள் வியன்னாவில் இருக்கிறது. அதன் மறுபக்கத்தில் ஹெர்மபொல்லோன் என்ற கப்பலின் சரக்கு மதிப்பு குறிக்கப்பட்டுள்ளது. செங்கடல் துறைமுகமான பெரெனிகேயில் ஒரு கோயிலில் இந்தியச் சாடி ஒன்று ஏழரைக் கிலோவுக்கு மேற்பட்ட மிளகோடு கிடைத்தது. இந்தியா ஆண்டுதோறும் 50 மில்லியன் செஸ்டெர்ஸ் என்னும் ரோமானிய நாணயத்துக்குக் குறையாமல் இழுத்துக்கொள்கிறது என்றும், மிளகைப் பொன் போல நிறுத்து வாங்குகிறார்கள் என்றும் குறைப்பட்டு எழுதியவர் ரோமானிய எழுத்தாளர் பிளினி. அதே பிளினிதான் வெசூவியஸ் வெடித்தபோது கப்பலில் மீட்கச் சென்று உயிர் துறந்தார். செவ்வாயன்று நடந்த தெருக்களும் வெள்ளியன்று உட்கார்ந்திருக்கும் இடமும் ஒரே மனிதரின் வாழ்க்கையில் சேர்வதை மாணவர்கள் அங்கே புரிந்துகொள்வார்கள்.

ஒவ்வொரு மாணவரும் ஒரு பொருளுக்குப் பொறுப்பேற்று, அதன் முன் நின்று ஐந்து நிமிடம் தமிழில் பேச வேண்டும் என்பது எங்கள் வழக்கம். உரிமம் பெற்ற வழிகாட்டி விளக்குவது நல்லதுதான். ஆனால் தான் தயாரித்ததைத் தானே சொல்லும் பிள்ளை அதை மறப்பதில்லை. இரவில் எத்தனை களைப்பானாலும் ஒரு பக்கம் எழுதிவிட்டே உறங்க வேண்டும்.

உணவைப் பற்றிச் சில சொற்கள். மாட்டிறைச்சி உண்ணாதவர், சைவர், ஹலால் உணவு தேவைப்படுபவர் யார் யார் என்று ஆங்கிலத்திலும் இத்தாலிய மொழியிலும் ஒரு பட்டியல் எழுதி உணவகத்திற்கு முன்பே அனுப்புங்கள். பார்மசான் பாலாடைக்கட்டி கன்றின் வயிற்றுச் சாற்றைக் கொண்டு உறைய வைப்பது என்பதால் கடுமையான சைவர்கள் அதை ஏற்பதில்லை. நேப்பிள்ஸின் மரினாரா பீட்சாவில் தக்காளி, பூண்டு, எண்ணெய், மூலிகை மட்டுமே, பாலாடைக்கட்டியே கிடையாது. ரோமின் தெருக் குழாய்களில் ஓடும் நீர் குடிக்கத் தகுந்தது, ஆளுக்கொரு போத்தல் இருந்தால் போதும்.

திரும்பிய இரண்டு வாரத்திற்குள் மூன்று வேலைகளை முடித்துவிடுங்கள். மாணவர்கள் வரைந்த படங்களையும் எழுதிய பக்கங்களையும் பள்ளி மண்டபத்தில் காட்சிக்கு வைத்து, மெர்போக்குக்கு மட்டும் வந்த மாணவர்களின் படங்களையும் அவற்றோடு ஒரே சுவரில் சேர்த்து வையுங்கள். மீதிப் பணத்தைப் பற்றுச்சீட்டுகளோடு பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் ஒப்படையுங்கள். எந்த விடுதியில் படுக்கை போதவில்லை, எந்த ரயிலில் பைகளுக்கு இடமில்லை, எந்த நாளில் நேரம் மிஞ்சியது என்பவற்றையெல்லாம் எழுதி, அடுத்த முறை அழைத்துச் செல்லப்போகும் ஆசிரியரின் கையில் கொடுங்கள்.